காத்திருப்பு வேற, தாமதம் வேற

— கதை விடாதடா. கதவு ரெடியா இல்லியா, அதை மட்டும் சொல்லு.

— பட்டறையில துணி போர்த்தி நிறுத்தி வெச்சிருக்கேன்க்கா. நம்பலைன்னா மாமாவை அனுப்பிப் பாரு.

— உங்க மாமா போனா கதவையா பார்ப்பார்? உன்னோட உட்கார்ந்து டீ குடிச்சுட்டு, மச்சான் தங்கக் கம்பின்னு வந்து சொல்லுவார். ரெடியா இருந்தா ஏன் இன்னும் கொண்டாந்து மாட்டல?

— மாட்டுற இடம் ரெடியா இல்ல.

— இந்தா பாரு, இது ஆஸ்பத்திரிக் கட்டடம். ஆறு மாடி எழுப்பி, வெள்ளையடிச்சு, ஜன்னலுக்குக் கண்ணாடி வரைக்கும் போட்டாச்சு. உன் லிஃப்ட் கதவு ஒண்ணுதான் பாக்கி. ஆஸ்பத்திரி இன்ஜினியர் காலையிலேர்ந்து போன் மேல போன். யாரால தாமதம், பேரைச் சொல்லுங்கங்கறார். நான் என்னத்தைச் சொல்றது?

— நீ என்ன சொல்லலாம்னு வந்திருக்கே?

— கதவுக்காரராலன்னு.

— சொன்னா என்ன ஆகும்?

— தெரியாத மாதிரி கேக்காத. அவங்க இன்னும் ரெண்டு கட்டடம் கட்டப் போறாங்க. உன் பட்டறை பேரை அடிச்சுடுவாங்க.

— முதல் பெரிய வேலையே கடைசி வேலையாப் போயிடும்.

— அதுக்குத்தானே போன்ல சொல்லாம நேர்ல ஓடி வந்திருக்கேன். வேற ஆளா இருந்தா இந்நேரம் சொல்லிட்டு என் வேலையைப் பார்த்துட்டுப் போயிருப்பேன்.

— சரிக்கா, நிதானமாப் பேசுவோம். நம்ம ஒப்பந்தத்துல தாமதம்னா என்னன்னு எழுதியிருக்கு, ஞாபகம் இருக்கா?

— அதை மறக்க முடியுமா? கையெழுத்துப் போடுற அன்னைக்கு, அத்தனை பேர் முன்னாடி பேனாவைக் கீழ வெச்சே. தாமதம்னா என்னன்னு முதல்ல எழுதுங்கன்னே. என் ஆபீஸே சிரிச்சுது.

— நீயும்தான் சிரிச்சே.

— சிரிக்காம? ஸ்கூல்ல மணி அடிச்சப்புறம் சாக்ஸைத் தேடின பய நீ. நீ வந்து தாமதத்துக்கு விளக்கம் கேட்டா? தாமதம்னா நீதாண்டான்னு சொல்லிச் சிரிச்சேன்.

— சிரிச்சுக்கிட்டே எழுதியும் குடுத்தேல்ல.

— பய ஆசைப்படுறானேன்னு குடுத்தேன். மிட்டாய் வாங்கித் தர்ற மாதிரி.

— அந்த மிட்டாயை இப்பப் பிரிச்சுப் பார்ப்போமா? லிஃப்ட் குழியை நல்லா உலர்ந்த நிலையில நீ என் கையில ஒப்படைக்கணும். அன்னையிலேர்ந்துதான் எனக்குக் குடுத்த நாள் ஓட ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி போறதெல்லாம் காத்திருப்பு. காத்திருப்பு வேற, தாமதம் வேற.

— ரெண்டுமே நேரம் போறதுதானேடா!

— இல்லக்கா. நான் உனக்காக நின்னா அது காத்திருப்பு. நீ எனக்காக நின்னாத்தான் அது தாமதம்.

— அடேங்கப்பா! என்கிட்ட வேலை பார்த்தப்ப இந்தப் பேச்செல்லாம் எங்கடா வெச்சிருந்தே?

— அங்க பேச விட்டாத்தானே? அதுக்குத்தானே தனியாப் போனேன்.

— போனப்பவே உன்னை ரெண்டு சாத்து சாத்தியிருக்கணும். குழி உலர்ந்து எவ்வளவு நாளாச்சு! மேஸ்திரி சொல்லிட்டான்.

— மேஸ்திரி சொன்னார், சரி. நீ இறங்கிப் பார்த்தியா?

— எத்தனை குழியில நான் இறங்குறது?

— இந்த ஒண்ணுல இறங்கு. ஏணியை நான் பிடிச்சுக்கறேன். செருப்பைக் கழட்டிட்டு வா, வழுக்கும்.

— உலர்ந்த குழி எப்படிடா வழுக்கும்?

— இதோ, நீயே கேட்டுட்டே.

— ஏய்... ஏய்... பிடிச்சுக்கோடா, ஆடுது. சரி, இறங்கிட்டேன். இதென்ன, சுவத்துல பிளாஸ்டிக் பேப்பரை வெச்சு நாலு பக்கமும் டேப் ஒட்டியிருக்கு?

— நான்தான் நேத்து ஒட்டினேன். எந்த வேலைக்குப் போனாலும் கதவு மாட்டுறதுக்கு முன்னாடி இதைத்தான் செய்வேன். டார்ச் அடிக்கறேன், கிட்ட வந்து பாரு.

— ஐயோ. உள்ள முத்து முத்தா வேர்த்திருக்கேடா.

— பேப்பருக்கு உள்பக்கம் பாரு. மேலேர்ந்து ஒழுகின தண்ணி இல்ல, சுவரு கக்குற ஈரம். மேல வெள்ளையடிச்சுட்டதால கண்ணுக்குத் தெரியல.

— ஈரம் காயறதுக்குள்ள அடிச்சு மூடிட்டானா! அவனை இன்னைக்கு...

— அவரை அப்புறமாத் திட்டு. இந்தச் சுவத்துல போல்ட் அடிச்சா இன்னைக்குப் பிடிக்கும். கொஞ்ச நாள்ல துருவேறிக் கதவு ஒரு பக்கமாத் தொங்கும். ஆபரேஷனுக்குப் போற ஆளை ஸ்ட்ரெச்சர்ல வெச்சுத் தள்ளிக்கிட்டு வருவாங்க. அந்த நேரத்துல கதவு சிக்கினா...

— போதும்டா, சொல்லாத. இதை ஏன் முன்னாடியே சொல்லல?

— மேஸ்திரிகிட்ட தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அக்காவோட தம்பிக்கு எல்லாத்துலயும் குறைதான்னு சிரிச்சார். உன் ஆபீஸுக்கு வந்தேன். அக்காவோட தம்பி வந்திருக்கார்னு உட்கார வெச்சு, டீ குடுத்து அனுப்பிட்டாங்க. கேட்ல நிக்கிற வாட்ச்மேனுக்குக்கூட நான் அக்காவோட தம்பிதான். எனக்குன்னு ஒரு பட்டறை, அதுக்கு ஒரு போர்டு, எல்லாம் வெச்சாச்சு. கூப்பிடுறது மட்டும் மாறல.

— என்கிட்டயே நேராச் சொல்லியிருக்கலாமே!

— போனை எடுத்ததும் முதல்ல சாப்பிட்டியாங்கறே. அடுத்தது கதவு எங்கங்கறே. மூணாவது வார்த்தைக்கு நான் வாயைத் திறக்கறதுக்குள்ள வெச்சுடறே.

— அப்ப தாமதம் உன்னோடது இல்ல.

— இல்லக்கா.

— என்னோடது.

— ம்.

— எத்தனை வருஷமாக் கட்டுறேன்... பொம்பளை கட்டடம் கட்டிக் கிழிப்பாளான்னு கேட்டாங்க. சொன்ன நாள்ல சாவி குடுத்து, அந்த ஒண்ணை வெச்சே அத்தனை பேர் வாயையும் அடைச்சேன். ஒரு வேலையில, ஒரே ஒரு வேலையிலகூட லேட்டுன்னு எவனும் என்னைச் சொன்னதில்லடா.

— தெரியும்க்கா. அதான்... நான் ஒண்ணு சொன்னா கோபப்படக் கூடாது.

— சொல்லித் தொலை.

— என்னாலன்னே சொல்லிடு.

— என்னது?

— கதவுக்காரன்தான் லேட்டுன்னு சொல்லிடு. குழியை நீ காய வெச்சுக்கோ, கதவை நான் மாட்டிடறேன். நான் சின்ன ஆளு, வேற வேலை தேடிக்குவேன். உன் பேரு உடையக் கூடாது. ஸ்கூல்ல ஒவ்வொருத்தனும் எங்க அண்ணன் அது, எங்க அப்பா இதுன்னு பீத்திக்குவான். எங்க அக்கா மாடி வீடு கட்டுறாங்கடான்னு நான் சொன்னா கப்சிப்னு அடங்கிடுவாங்க. அந்தத் திமிர் எனக்கு இன்னும் போகலக்கா.

— வாயை மூடுடா!

— கோபப்படாதன்னு சொன்னேன்ல.

— கோபம் இல்லடா, அழுகை வருது. அதுக்குத்தான் கத்துறேன். எனக்கு நீ பிச்சை போடுறியா? அன்னைக்குப் பேனாவைக் கீழ வெச்ச பயலா இது? என்கிட்ட வேலை எடுக்கறவன் எவனும் ஒரு வரி படிக்க மாட்டான். காட்டுற இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டு, அப்புறம் வந்து காலைப் பிடிப்பான். ஊரே சிரிக்கறப்ப அசையாம நின்னு கேட்டவன் நீ ஒருத்தன்தான். வெளியில சிரிச்சேனே தவிர, உள்ளுக்குள்ள எனக்கு அவ்வளவு பெருமை. அன்னைக்கு ராத்திரி உங்க மாமாகிட்ட சொல்லிச் சொல்லி அவர் காதே புளிச்சுப் போச்சு.

— மாமா என்கிட்ட மூச்சே விடலியே!

— விட்டா சோறு கிடையாதுன்னு சொல்லி வெச்சிருந்தேன். சரி, ஏணியைப் பிடி. இங்க போனுக்கு டவர் இல்ல.

— என்ன பண்ணப் போறே?

— நான் என்ன பண்றேன்கறது இருக்கட்டும். குழியை உலர்த்தி ஒப்படைக்கலன்னு நீ எனக்கு ஒரு நோட்டீஸ் எழுதி அனுப்பு. பட்டறை பேர்ல அனுப்பு. அன்புள்ள அக்கான்னு ஆரம்பிச்சே, உன் கண்ணு முன்னாடியே கிழிச்சுப் போட்டுடுவேன்.

— ஆஸ்பத்திரிக்காரங்க உன் பேரை அடிச்சுட்டாங்கன்னா?

— அடிக்கட்டும். மறுபடி சம்பாதிச்சுக்கறேன். ஈரச் சுவத்துல கதவைத் தொங்க விட்டுட்டு, நேரத்துக்கு முடிச்சேன்னு மார் தட்டிக்கற பொழப்பு எனக்கு வேண்டாம். தம்பி தலையில கட்டிட்டுத் தப்பிக்கிற பொழப்பு அதைவிடக் கேவலம்.

— அக்கா, இன்னொரு தரம் யோசிச்சு...

— உஷ்! ரிங் போகுது. ஹலோ, வணக்கம் சார். ஆமா சார், கட்டடத்துலதான் நிக்கிறேன். தாமதம் என்னோடது. இல்லல்ல, கதவு ரெடியா இருக்கு, நான் குடுத்த குழிதான் உலரல. இறங்கிப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். கண்டுபிடிச்சதே கதவுக்காரர்தான்... ஏன் சார், நம்ப முடியலியா? என் வாயிலேர்ந்து இப்படி ஒரு பேச்சைக் கேட்டதே இல்லியா? யாரு பேசுறதுன்னு மறுபடி சொல்லணுமா? சொல்றேன் சார். கதவுக்காரரோட அக்கா பேசுறேன்.