ஆயிரத்து முந்நூறு மீட்டர்

சட்டையை இஸ்திரி போடாமல் நான் தெருவுக்குக்கூட இறங்க மாட்டேன், மேடம். பார்க்க நன்றாக இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

தி.நகரில் எங்கள் அலுவலகம். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்கள் போனில் எங்கள் செயலியின் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் போதும், அவர்கள் இருக்கும் இடம் படகுக்காரர் போனில் மேப்பில் வந்துவிடும். அந்த மேப் என் வேலை. போன் தன் இடத்தைச் சொல்லும்போதே, ஆள் உண்மையில் அதிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளியிருக்கலாம் என்பதையும் சொல்லும். இருபது என்றால் புள்ளியைச் சுற்றிச் சின்ன வட்டம், ஆள் அதற்குள் எங்கேயாவது இருப்பார். வீட்டையே கிட்டத்தில் காட்டலாம். ஆயிரம் என்றால் பெரிய வட்டம். அது முழுதும் திரையில் அடங்குகிற அளவுக்கு மேப் விலகிப்போக வேண்டும். அந்தக் கணக்கை ஒழுங்காகத்தான் எழுதினேன்.

முதலாளி பஞ்சாட்சரம் அதைப் பார்த்துவிட்டு, "என்னப்பா ஆனந்தகுமார், பாதி மெட்ராஸைக் காட்டுது? இதுல எங்க போய்த் தேடுவான்?" என்று சிரித்தார். எல்லார் முன்னாலும். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அன்றே வட்டத்தை எடுத்துவிட்டேன். எண் எதுவானாலும் மேப் ஏதாவது ஒரு வீட்டு வாசலில் போய் நிற்கும்படி வைத்தேன். இப்போது இடம் துல்லியமாக வருகிறது, சரிசெய்துவிட்டேன் என்றும் சொன்னேன். கைதட்டினார்கள்.

டிசம்பர் மழையில் ஒரு மதியம், உம்மே ஹானி என்ற பெண் பொத்தானை அழுத்தினாள். பெயரும் புள்ளியும் மட்டும் வந்தன. நாங்கள் திரும்பக் கூப்பிட்டால் லைன் கிடைக்கவில்லை. தெருப் பெயர் எழுத நாங்கள் இடம் வைத்திருக்கவில்லை. வெள்ளத்தில் யார் உட்கார்ந்து எழுதப்போகிறார்கள்? புள்ளி வேளச்சேரியில் ஒரு வீட்டின் மேல் நின்றது. படகுக்காரர் வலியுல்லா அங்கே போனார். கொஞ்ச நேரத்தில் போன் செய்தார்.

"இன்னா சார், வீடு பூட்டிக் கீது. தட்டிப் பாத்துட்டேன், ஒர்த்தரும் இல்ல."

எத்தனை மீட்டர் தள்ளியிருக்கலாம் என்ற அந்த எண் என் கணினியில் தெரிந்தது. ஆயிரத்து முந்நூறு. சொல்ல வாயெடுத்தேன். பஞ்சாட்சரம் பக்கத்தில் என் தோளில் கைவைத்து நின்றிருந்தார்.

"அங்கதான் இருக்காங்க. கதவ உடைச்சுப் பாருங்க," என்றேன்.

உடைத்தார். பக்கத்து வீட்டையும் உடைத்தார். மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, வேறு எங்கேயாவது இருப்பார்களா, யோசித்துச் சொல்லு சார் என்று கெஞ்சினார். இல்லை என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, மேடம். ஆனாலும் சொல்ல முடியவில்லை. அவள் பொத்தானை அழுத்தியது பதினோரு தடவை வந்தது. நாலு மணிக்குப் பிறகு வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், அப்போது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்ததும் ஆதம்பாக்கத்தில் ஒரு தரைத்தள வீட்டில் கிடைத்தார்கள். அவளும், பக்கவாதத்தில் படுத்திருந்த அவள் அம்மா ஹாஜிரா பீயும். அம்மாவைத் தூக்கி மேசைமேல் படுக்கவைக்கப் பார்த்திருக்கிறாள்.

அவர்கள் சாவுக்கு நான்தான் காரணம், வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள். அந்த வீட்டுக்கு நானே போய், புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தேன். தொள்ளாயிரம் மீட்டர். நான் முதலில் எழுதிய வட்டத்துக்குள்தான் இருந்திருக்கிறார்கள். என் கணக்கு பிசகவே இல்லை, மேடம்.