மூன்று வீட்டுக் களி

"நான் கிளம்புனாலே மலாவில மூணு ஊட்ல அடுப்பு பத்த வெச்சிருவாங்க மச்சான்."

ஐயப்பன்தாங்கலில் பஸ் எடுத்ததுமே முன்சீட்டில் கேட்டது. ஆப்பிரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் மிஷனரி, இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் பள்ளித் தோழன்.

"இன்னாத்துக்கு?"

"ஊடு ஊடா ஜெபம் முடிச்சு கிளம்பசொல்ல, நம்மூர் பழக்கத்துல அவங்க பாஷைல 'போயிட்டு வரேன்'னு சொல்லிட்டேன். நெசமாவே வருவேன்னு களி கிண்டி வெச்சு, சாப்டாம காத்துகினு கீறாங்க!"

"நீ?"

"மூணு ஊட்லயும் துன்னேன்."

சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

கரையான்சாவடியில் மிஷனரி இறங்கினான். "போறேன் மச்சான்!"

தோழன் பதறிப்போய் ஜன்னலில் தலையை நீட்டினான். "டேய், அப்டி சொல்லாத! போயிட்டு வரேன்னு சொல்றா!"

"சொன்னா சோறு வெப்பியா?"

"வெக்கிறேன், வந்து தொல!"