பச்சை வளையம்

கட்டைவிரல் வலிக்கிறது, அதனால் வாக்குமூலத்தில் கையெழுத்தை மெதுவாகத்தான் போடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வருடக்கணக்காகப் பேட்டரிக் கட்டைகளின் தோலை உரித்த விரல் இது. குளிர் வந்துவிட்டால் நகத்துக்கு அடியில் உளி வைத்துத் தட்டுவது போலிருக்கும். வெந்நீர் கொடுத்தீர்கள், நன்றி. கோப்பையைப் பிடித்திருந்தால் வலி கொஞ்சம் அடங்குகிறது.

எங்கள் பட்டறையைப் பற்றி ஏற்கெனவே எழுதி வைத்திருப்பீர்கள். ஷென்சென் நகரத்தின் வடக்கு ஓரத்தில் அந்த மாதிரிப் பட்டறைகள் தெருவுக்கு நாலு இருக்கின்றன. எதிர்வீட்டில் காதுக்குள் வைக்கும் பாட்டுக் கருவிக்குச் சிமிழ் செய்கிறார்கள். பக்கத்து வீட்டில் சார்ஜர் கம்பி. நாங்கள் செய்தது பவர் பேங்க். உலகத்தில் எங்கெங்கோ வீசிய லேப்டாப்புகளின் பேட்டரிகள் மூட்டை மூட்டையாக எங்களிடம் வரும். உடைத்தால் உள்ளே விரல் பருமனில் கட்டைகள் இருக்கும். ஒன்றிரண்டுதான் செத்திருக்கும், மற்றவை நன்றாக இருக்கும். உயிருள்ளதைப் பொறுக்கி, பழைய தோலை உரித்து, நேர்முனையில் ஒரு காகித வளையம் வைத்து, புதுப் பிளாஸ்டிக் உறை மாட்டிச் சூடான காற்றைக் காட்டினால் உறை சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பார்த்தால் நேற்றுப் பிறந்த கட்டை மாதிரி இருக்கும். ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. உயிர் இருக்கிற பொருளுக்கு உடுப்பு மாற்றினோம், அவ்வளவுதான்.

பொறுக்குகிற வேலை இரண்டு பேருடையது. நானும் யுவேலானும். வெய் யுவேலான், குவாங்சி பக்கத்துப் பெண். கணவனும் மகளும் ஊரில் இருந்தார்கள். எனக்கு நீல வளையம், அவளுக்குப் பச்சை. பவர் பேங்க் கெட்டுத் திரும்பி வந்தால் முதலாளி பிளந்து பார்ப்பார். நீலம் என்றால் என்னிடம் கேட்பார், பச்சை என்றால் அவளிடம். நல்ல முறை. அதில் குறை சொல்ல மாட்டேன்.

அவள் கைவேகம் உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு கட்டையை உருட்டும்போதே அது உயிரா, பிணமா என்று சொல்லிவிடுவாள். எனக்குக் கண் மங்க ஆரம்பித்திருந்தது. தள்ள வேண்டிய கட்டை சிலசமயம் என் நல்ல தட்டில் போய்விடும். அவள் கையை நீட்டி அதை எடுத்து, செத்த கட்டைகளைப் போடும் உப்புத்தண்ணீர் வாளிப் பக்கம் வைத்துவிடுவாள். யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துத்தான் செய்வாள். அதை உதவி என்று நீங்கள் எழுதுவீர்கள். தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவன் தப்பை இன்னொருவர் சத்தமில்லாமல் திருத்துவது என்ன என்று அனுபவித்தவனுக்குத்தான் தெரியும்.

வருடக் கடைசி விருந்திலிருந்து சொல்கிறேன். அங்கேதான் ஆரம்பம்.

புத்தாண்டுக்கு எல்லாரும் ஊருக்குப் புறப்படும் முன்பு முதலாளி ஒரு விருந்து போடுவார். லுவோ தெச்சாங், எங்கள் முதலாளி, குய்சோ மலைநாட்டுக்காரர். நான் சாவ்சோ ஆள். எங்கள் பக்கம் அந்த விருந்தில் முழுக்கோழி வைப்பார்கள். வேலையை விட்டு யாரை அனுப்பப்போகிறார்களோ, கோழித்தலை அவன் பக்கம் இருக்கும். நல்ல முதலாளி என்றால் தலையைத் தன் பக்கமே திருப்பிக்கொள்வார். எல்லாரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

வட்ட மேசை, நடுவில் சுழலும் கண்ணாடி. வேகவைத்த கோழி வந்தது. லுவோ முதலாளி எழுந்து, தன் கையாலேயே கண்ணாடியைச் சுழற்றி, கோழித்தலை என் முன்னால் வந்ததும் நிறுத்தினார். தவறுதலாக நின்றதில்லை. ஒரு விரல் அளவு தாண்டிப் போனதைத் திரும்ப இழுத்து நேராக வைத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அட்டைப்பெட்டி கட்டும் ஹெ என்பவனும் எங்கள் பக்கத்து ஆள்தான். குடித்திருந்தான்.

"சாய் அண்ணே, கோழி உங்களத்தான் மொறைக்குது. மூட்டை முடிச்சு கட்டியாச்சா?"

"சும்மா இரு ஹெ," என்றாள் யுவேலான். அவளுக்கு விஷயம் புரியவில்லை. "கோழியே வெந்து போய்க் கெடக்கு. அது யாரப் பாத்தா ஒனக்கென்ன? ஒன்னப் பாத்திருந்தா பயத்துல மறுபடி எந்திரிச்சு ஓடியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கோழியில் ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

முதலாளியிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். எங்கள் பக்கம் அதைக் கேட்கிறவன் கிடையாது. வாயால் சொல்லாமல் இருப்பதற்குத்தானே கோழியைத் திருப்புவது? கேட்டால் அவரையும் அவமானப்படுத்தி, என்னையும் அவமானப்படுத்திக்கொள்வேன். இந்த ஊரில் நாற்பத்தைந்து தாண்டியவனை எந்தத் தொழிற்சாலை வாசலிலும் நிறுத்தி வைத்துக்கூடப் பேச மாட்டார்கள். எனக்கு அதற்கும் மேலே ஆகிவிட்டது. அந்த முக்காலியும் தட்டும் போனால் எனக்கு வேறு இடம் இல்லை.

அன்று படுத்துக்கொண்டு நிதானமாக யோசித்தேன். கோபம் எல்லாம் இல்லை. இரண்டு பேர் செய்கிற வேலைக்கு ஒருவர் போதும் என்று முதலாளி நினைக்கிறார். மிஞ்சப்போவது யார் என்பதுதான் கேள்வி. அவளுக்கு இன்னும் வயது இருக்கிறது. எங்கே போனாலும் அந்தக் கைக்கு வேலை கிடைக்கும். ஒரு தடவை பெயர் கெட்டால் அவளுக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்கு வாழ்க்கை. தராசில் வைத்துப் பாருங்கள்.

மறுநாள் உப்புத்தண்ணீரில் போடுவதற்கு முன்பாகவே செத்த கட்டைகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டேன். மெதுவாகச் சாகிறவையாகப் பார்த்துத்தான் எடுத்தேன். நான் கவனமான ஆள். புது உறை போட்டேன். யுவேலான் வெந்நீர் பிடிக்கப் போனபோது அவள் டப்பாவிலிருந்து பச்சை வளையம் எடுத்து வைத்து, அவளுடைய நல்ல தட்டில் கலந்துவிட்டேன். ஒரு கட்டைக்கு மட்டும் அடிப்பக்கம் லேசாக நசுங்கியிருந்தது. நசுங்கிய கட்டை சூடேறினால் பற்றிக்கொள்ளும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அது வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அதையும் வைத்தேன்.

மூப்பறை என்பது பட்டறையின் பின்பக்க அறை. கட்டி முடித்த பவர் பேங்க்குகளைத் தட்டுத் தட்டாக அடுக்கி, மின்சாரத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, வேண்டுமென்றே அலுக்க வைப்போம். நோஞ்சானாக இருப்பது அங்கேயே விழுந்துவிடும், வாங்குகிறவன் பையில் விழாது. ஒருவர் மாற்றி ஒருவர் அங்கே காவல் இருக்க வேண்டும். அந்த அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. சரக்கு திருட்டுப் போகிறது என்று முதலாளி வைத்தது. அதைத்தான் நீங்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டீர்கள்.

என் கணக்கு இதுதான். தட்டில் சில பவர் பேங்க் விழும், ஒன்று புகையும், முதலாளி வந்து பிளப்பார், பச்சை இருக்கும். அதற்கு மேல் நான் எதுவும் ஆசைப்படவில்லை.

அந்தக் கட்டைகள் பவர் பேங்க்காகி மூப்பறைக்கு வந்த நாளில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காவல் என்னுடையது. நான் போய் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் முதலாளி மேலே கூப்பிட்டார். யுவேலான் தன் வேலையை வைத்துவிட்டு எழுந்து வந்தாள்.

"போங்கண்ணே, நான் பாத்துக்கறேன். முதலாளி கூப்புட்டா ஓடணும். முட்டி வலிக்குதுன்னு அங்க போய் மூஞ்சியத் தூக்கி வைக்காதீங்க."

மேலே முதலாளி டீ ஊற்றினார். எனக்கு முதல் கோப்பை. கடைசிச் சம்பளமும் ஒரு நல்ல வார்த்தையும் கிடைக்கும் என்று நினைத்து நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சாய் அண்ணே, அன்னிக்கு நீங்க கோழியத் தொடவே இல்ல. எனக்கு மனசுக்குக் கஷ்டமாப் போச்சு."

"வயிறு சரியில்ல, முதலாளி."

"எங்க ஊர்ல கோழித்தல மூத்தவருக்குத்தான் வைப்போம். பந்தியிலேயே பெரிய மனுஷன் யாரோ அவருக்கு. வேற யாராச்சும் எடுத்தா எங்கப்பா கரண்டியாலயே போட்ருவாரு. புத்தாண்டு முடிஞ்சு இன்னொரு வரிசை போடப்போறேன். பொறுக்குற வேலை முழுக்க உங்க மேற்பார்வை. கண்ணு தெரியலைன்னாலும் பரவால்ல, அண்ணே, ஆளப் பாத்துக்கிட்டாப் போதும். யுவேலான் சொன்னா, உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்னு. அதையும் பாத்துடுவோம்."

நான் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. அந்த நேரத்தில் இறங்கிப் போய் மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். உண்மைதான். ஆனால் எதற்காக நிறுத்தினேன் என்று சொல்ல வேண்டுமே? எந்தப் பவர் பேங்க்கில் எந்தக் கட்டை இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ஒவ்வொன்றாகப் பிளக்க வேண்டும். மேற்பார்வை கொடுத்த மனிதர் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டு அதை எப்படிச் சொல்வது? விழாமலேயும் போகலாம் என்று நினைத்தேன். அவர் மறுபடி ஊற்றினார். ஊற்றிய டீயை விட்டு எழுந்து போவது மரியாதை இல்லை. குடித்தேன்.

படியில் இறங்கும்போதே வாசனை வந்தது. அழுகப்போகிற பழம் மாதிரி ஒரு தித்திப்பு. கட்டை வெடிப்பதற்கு முன்பு அப்படித்தான் வரும்.

யுவேலான் உள்ளே கையுறை போட்டுக்கொண்டு நின்றாள். ஒரு பவர் பேங்க்கை இழுத்துத் தரையில் போட்டு மணல் கொட்டியிருந்தாள். கீழ்த் தட்டில் இன்னொன்று புகைந்துகொண்டிருந்தது. பவர் பேங்க் பிளந்து வெளியே விழுந்த ஒரு கட்டையை இடுக்கியால் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, வளையம் என்னுது. ஆனா இது நான் போட்ட உறை இல்ல." இடுக்கியை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். "நான் உறையோட வாய ஒட்ட நறுக்கிடுவேன். இது உள்ள மடிச்சு விட்ருக்கு. இப்பிடி மடிக்கிற கை இந்தப் பட்டறைல ஒண்ணுதான் இருக்கு."

என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

திட்டியிருந்தால்கூட வேறு மாதிரி ஆகியிருக்கும். அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"பேச்சு அப்புறம். மணல் வாளிய எடுத்துட்டு வாங்க, மொதல்ல இத அணைப்போம். மேல் தட்டு புடிச்சுதுன்னா மொத்தமும் போயிரும்."

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தாள்.

நான் வெளியே வந்தேன். வாளி கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தீப்பிடித்தால் கதவைச் சாத்த வேண்டும், இல்லையென்றால் பரவும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. நீங்களே பார்த்திருப்பீர்கள். சாத்தினேன். அந்தக் கதவு சாத்தினாலும் திறந்துகொள்ளும், நிலை கோணல். அதனால் தாழ்ப்பாளைப் போட்டேன்.

பிறகு வெடிக்க ஆரம்பித்தது. ஒன்று பிடித்தால் பக்கத்தில் இருப்பது பிடிக்கும், சரம் மாதிரி. கூட்டம் ஓடி வந்தது. முதலாளி என் தோளைப் பிடித்து உலுக்கி, உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். யாருமில்லை என்றேன். அவள் வெந்நீர் பிடிக்கப் போனாள் என்றேன். எல்லாரும் தெருவில் போய் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஹெ சந்து முழுக்க அழுதுகொண்டு ஓடினான்.

முதல் விசாரணையில், அவள் கதவைத் தட்டியதும் கட்டைகள் வெடித்ததும் ஒன்றுபோலவே கேட்டது, அதனால் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். தாழ்ப்பாள் தானாக விழுந்திருக்கும் என்றேன். நீங்கள் நம்பினீர்கள். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஒன்றுபோல இல்லை. வெடிப்புக்கு முறை கிடையாது. கூட்டம் வருவதற்கு முன்பு அவள் மூன்று தட்டு தட்டி, நிறுத்தி, என்னைக் கூப்பிட்டாள். முதலாளியைக் கூப்பிடவில்லை. என்னைத்தான். அண்ணே, அண்ணே என்று. மறுபடி மூன்று தட்டு. நான் தாழ்ப்பாளின் மேல் கையை வைத்துக்கொண்டுதான் நின்றேன், சூடு தாங்காமல் ஆகும்வரை. உள்ளங்கையில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. காப்பாற்றப் போனபோது வந்தது என்று, உடலை வாங்க வந்த அவள் கணவன் நினைத்துக்கொண்டு, அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கும்பிட்டான். நான் பிடித்துக்கொள்ள விட்டேன். வேறென்ன செய்வது?

இத்தனை நாள் கழித்து ஏன் வந்தேன் என்கிறீர்கள். லுவோ முதலாளி உள்ளே இருப்பது நியாயமில்லை. தாழ்ப்பாள் வைத்தது மட்டும்தான் அவர் தப்பு. எனக்கு மரியாதை செய்த மனிதர் அவர். அப்படிப்பட்டவரை என்னால் சிறையில் விட்டுவைக்க முடியவில்லை. நான் நன்றி மறக்கிற ஆள் இல்லை. இதை நீங்கள் அப்படியே எழுத வேண்டும்.

யுவேலானைப் பற்றிக் கேட்டால், அவள்மேல் எனக்கு எந்த வெறுப்பும் இருந்ததில்லை. நல்ல வேலைக்காரி. அன்று என் கையைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்றைக்கு என் மேற்பார்வையில் நன்றாக இருந்திருப்பாள். நானும் அவளும் சண்டை போட்டுக்கொண்டதில்லை, ஒருவர் பொருளை ஒருவர் எடுத்து வைத்துக்கொண்டதில்லை. அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். எங்கள் பட்டறையில் ஒருவர் முறையில் இன்னொருவர் உட்கார்ந்தால், பதிலுக்கு அவர் முறையில் இவர் உட்கார வேண்டும். அந்த மதியக் காவல் என் முறை, என் இடத்தில் அவள் உட்கார்ந்தாள். அவளுக்கு நான் ஒரு மதியக் காவல் பாக்கி.