பாதியில போன பஸ் ஸ்டாப்பு

…அதை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க தம்பி. வேற எது வேணா கேளுங்க. பஸ் ஸ்டாப்பு எங்கன்னு மட்டும் கேக்காதீங்க, வயித்தெரிச்சலா இருக்கு. உக்காருங்க, உக்காருங்க. துணியைப் போர்த்துறேன். கழுத்துல இறுக்கமா இருக்கா? இருக்கட்டும். தளர்வா விட்டா முடி உள்ள போயி நாள் பூரா அரிக்கும்.

பஸ் ஸ்டாப்பாம், பஸ் ஸ்டாப்பு! இதோ, கண்ணாடியில பாருங்க. பின்னாடி என் கடை வாசல் தெரியுதா? வாசலுக்கு நேரா ஒரு குழி தெரியுதா? அது கம்பத்தைப் புடுங்குன குழி. நான் கடை தொறந்த நாள்லேர்ந்து அங்கதான் பஸ் நின்னுச்சு. பஸ்ஸுக்கு நிக்கிறவன் சும்மா நிப்பானா? திரும்பிப் பாப்பான். என் கண்ணாடியில அவன் மூஞ்சி தெரியும். அடச்சீ, இப்படியா இருக்கோம்னு உள்ள வந்துருவான். அதுதாங்க என் பொழப்பு. இப்ப மத்தியானம் ஆகப் போகுது, நீங்கதான் மொத ஆளு.

எவ்ளோ குறைக்கணும்? சரி… சரி. சீக்கிரமா? அதெல்லாம் பயப்படாதீங்க. என் வாய் பாட்டுக்கு வாய், கை பாட்டுக்கு கை. குனிங்க.

என்ன ஆச்சுன்னா, தண்ணிக் குழாய் பதிக்கிறோம்னு தெருவைத் தோண்டுனாங்க. கம்பத்தைப் புடுங்கி ஓரமா சாத்துனாங்க. வேலை முடிஞ்சதும் பள்ளத்தை மூடுனாங்க, கம்பக் குழியை அப்படியே விட்டுட்டுப் போயிட்டாங்க. கம்பத்தையும் எவனோ தூக்கிட்டுப் போயிட்டான். பஸ்காரன் என்ன பண்ணுவான்? கம்பம் இல்லைன்னா நிக்க மாட்டான், அவனுக்கு அப்படி உத்தரவு. என் கண்ணு முன்னாடியே சர்ருனு போவான். நான் கத்தியைத் தூக்கி ஆட்டி நிறுத்தப் பாத்தேன். இன்னும் வேகமா போயிட்டான்.

எதிர் மாடியில பிள்ளைங்களுக்கு டியூஷன் எடுக்குற டீச்சரம்மாதான் மொதல்ல வாயைத் தொறந்துச்சு. "அண்ணே, எல்லாரும் சேந்து போயி பஸ் ஆபீஸ்ல கேட்டா வெச்சுக் குடுத்துருவாங்க"ன்னுச்சு. நல்ல விஷயந்தான். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். "சேந்து போறது சரிம்மா, யாரு முன்னாடி போறது?"

தப்பா தம்பி? நியாயமான கேள்விதானே?

அதுக்கு ஒரு கூட்டம் போட்டோம். டெய்லர் கடையில. அவன் ஒரு ஆளு… அந்தப் பக்கம் கடைசிக் கடை. ஒரு பேண்ட் குடுத்தா கால் நீளமா வரும், சொன்னா "நீங்க வளருவீங்க"ம்பான். எனக்கு அறுபத்தி நாலு வயசு! அவன் சொல்றான், கூட்டம் என் கடையில நடக்குது, அதனால நான்தான் தலைவர்னு. நான் விட்டுருவேனா? கம்பம் இருந்தது யாரு வாசல்ல? பறிகுடுத்தது யாரு? நான்! மருந்துக்கடைக்காரர் ஒருத்தர் இருக்காரு, அவரு எங்க ரெண்டு பேரையும் சமாதானம் பண்றேன்னு வந்து, கடைசியில அவரும் ஒரு பதவி கேட்டாரு. ராத்திரி சாப்பாடு ஆறுற வரைக்கும் பேசுனோம். முடிவு என்னன்னா, டெய்லர் தலைவர். நான் நிறுவனத் தலைவர். மருந்துக்கடை பெருந்தலைவர். டீச்சரம்மா உறுப்பினர்.

ஆமா, ஒரே ஒரு உறுப்பினர்தான். வேலை செய்ய ஒரு ஆள் வேணும்ல?

இந்தப் பக்கம் திரும்புங்க… காதை மடக்கிக்கிறேன்.

அப்புறம் பேனரு. அது ஒரு கூத்து. என் போட்டோ பெருசா இருக்கணும்னு நான் சொல்லல தம்பி, மத்தவங்க போட்டோ என்னைவிடப் பெருசா இருக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். டெய்லரும் அதையே சொன்னான். பெருந்தலைவர் பேனருக்கு காசு குடுத்தவரு, அவரு மூஞ்சியைச் சின்னதாக்க முடியுமா? மூணு மூஞ்சியும் வந்தது. பேரு வந்தது. மருந்துக்கடை போன் நம்பரு வந்தது. 'எங்களுக்கு பஸ் ஸ்டாப்பு வேணும்'னு போட இடமில்ல. பேனர் அடிக்கிறவன் கேட்டான், "ஐயா, எதைக் குறைக்கட்டும்?"னு. "எழுத்தைக் குறைப்பா, மூஞ்சியை எப்படிக் குறைக்கிறது?"ன்னாரு பெருந்தலைவர். கடைசியில அடியில எறும்பு ஊர்ற மாதிரி ஒரு வரி. கட்டும்போது அதுவும் சட்டத்துக்குப் பின்னாடி மடிஞ்சு போச்சு.

தெருவுல போற ஒருத்தர் நின்னு பாத்தாரு. கண்ணு கலங்கிருச்சு. என்கிட்ட வந்து மெதுவா, "மூணு பேருமே ஒரே வண்டியிலயா போனாங்க?"ன்னாரு. நான் அந்தப் படத்துல இருக்குற ஆளு, அவரு முன்னாடியே நிக்கிறேன்! "எப்ப எடுக்குறாங்க?"ன்னு வேற கேக்குறாரு.

சிரிக்காதீங்க, தலை ஆடுது.

அதுக்கப்புறம் உண்ணாவிரதம். டெய்லர் உக்காந்தான். காலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி எழுந்துட்டான். அவனே தைச்ச புது கோட்டு, வெலை எழுதுன சீட்டோட. பக்கத்துலயே பெருந்தலைவர் மேசை போட்டு குளுகோஸ் வித்தாரு. எனக்கு வயித்துப் புண்ணு, நான் உண்ணாவிரதம் இருக்க முடியாது. அதனால போராட்டக்காரங்களுக்கு பாதி வெலையில சேவிங்னு போர்டு வெச்சேன். அது சேவை தம்பி. அவங்க பண்ணுனது வியாபாரம். வித்தியாசம் இருக்குல்ல?

டீச்சரம்மா மட்டும் இதுக்கெல்லாம் வரல. தினமும் டியூஷன் முடிச்சுட்டு ஆபீஸ்ல போயி பெஞ்சுல உக்காந்துருமாம். கேட்டா, "சும்மா ஞாபகப்படுத்திட்டு வரேண்ணே"ன்னு சொல்லும். எனக்குப் புடிக்கல. போராட்டம்னா ஒரு கெத்து வேணாமா?

அதிகாரி நேர்ல வந்து பாக்குறேன்னு சொல்லி அனுப்புனாரு. எங்க உண்ணாவிரதத்தைப் பாத்து ஆடிப் போயிட்டாருன்னு நான் சொல்றேன். டீச்சரம்மாவைப் பெஞ்சுலேர்ந்து எழுப்புறதுக்கு வந்தாருன்னு தெருவுல சொல்றாங்க. தெரு ஆயிரம் பேசும்.

மறுபடி கூட்டம். பள்ளிக்கூட மதில் ஓரம் இருக்குல்ல, அங்க நிழலு இருக்கு, யாரு வாசலும் இல்ல. அங்க கம்பம் வைங்கன்னு எல்லாரும் ஒரே குரல்ல கேக்கணும், டீச்சரம்மா மட்டும் பேசணும், மத்தவங்க பின்னாடி நிக்கணும். கை தூக்கச் சொன்னாங்க. எல்லாரும் தூக்குனோம். நானும் தூக்குனேன். கை தூக்குனா மனசையும் தூக்கணும்னு எங்கயாவது சட்டம் இருக்கா?

கொஞ்சம் நிமிருங்க. வலப்பக்கம் முடிஞ்சுது, பாருங்க எவ்ளோ அழகா இருக்கு. இந்த மாதிரி வெட்ட இந்தத் தெருவுல… ஆங், எங்க விட்டேன்?

அன்னைக்கு எல்லாரும் மதில் ஓரத்துல நிக்கிறாங்க. பிள்ளைங்க, கைக்குழந்தைக்காரங்க, ஊன்றுகோல் வெச்ச பெரியவரு, எல்லாரும். நான் மட்டும் கடையைப் பூட்டிட்டு வரேன்னு இங்கேயே இருந்தேன். பூட்டுக் கொஞ்சம் மெதுவாத்தான் பூட்டுச்சு. பாத்தா, அதிகாரி இந்த முனையிலேர்ந்து தனியா நடந்து வராரு! என் வாசலைத் தாண்டித்தான் போகணும். கடவுளே அனுப்புன மாதிரி இல்ல?

"சார், பேப்பர்காரன் போட்டோ எடுக்க வரான், தாடி லேசா முளைச்சுருக்கே"ன்னேன். அவரு தடவிப் பாத்தாரு. அவ்ளோதான், ஆளு நாற்காலியில. இதே நாற்காலிதான், நீங்க உக்காந்திருக்கீங்களே, இதுதான்.

நல்ல மீசை தம்பி அவருக்கு. அடர்த்தியா, அடக்கமா, ரெண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி. "ஓரம் மட்டும் சீர் பண்றேன் சார்"னு சோப்பு நுரையைப் பூசுனேன். பூசிக்கிட்டே விஷயத்தை ஆரம்பிச்சேன். இந்தத் தெருவுக்கு நான் என்னென்ன பண்ணியிருக்கேன், டெய்லர் எப்படிப்பட்டவன், என் வீட்டுக்காரிக்கு முட்டிவலி எவ்ளோ, மதில் ஓரத்துல தண்ணி தேங்கும், என் வாசல்ல எப்பவும் தேங்காது… எல்லாம் சொன்னேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு. "பழைய இட…"ன்னாரு. "பேசாதீங்க சார், கத்தி பட்டுரும்"னேன். மறுபடியும், "நீங்க சொல்ற அதே…"ன்னாரு. "அசையாதீங்க சார்!"ன்னேன். எனக்கு இன்னும் பாதி கதை பாக்கி இருந்துச்சு.

அப்பதாங்க கண்ணாடியில பாக்குறேன், வாசல்ல டெய்லர்! கையில பெரிய பூச்செண்டு, பக்கத்துல பேப்பர்காரன் கேமராவோட. மதில் ஓரத்துல நிக்கிறேன்னு கை தூக்குன பய, அங்க நிக்காம இங்க வந்திருக்கான்! எவ்ளோ துரோகம் பாருங்க! "வாங்க சார், வணக்கம் சார், குழுத் தலைவர் சார்பா…"ன்னு உள்ள வரான். எனக்கு எப்படி இருக்கும்? சட்டுனு திரும்பி, "டேய், நிறுவனத் தலைவர் இங்க இருக்கேன்டா!"ன்னேன்.

நான் திரும்புனேன். கையும் திரும்புச்சு.

கேமரா பளிச்சுனு ஒரு வெளிச்சம். பாத்தா, ஒரு பக்கம் மீசை இருக்கு. இன்னொரு பக்கம் மழமழன்னு… வழவழன்னு… சின்னக் குழந்தை மாதிரி.

மேல மாட்டியிருக்கேன் பாருங்க, அந்தப் போட்டோதான். பேப்பர்ல வந்தது. என் மூஞ்சி எவ்ளோ தெளிவா விழுந்திருக்கு! டெய்லர் மூஞ்சி பூச்செண்டுக்குப் பின்னாடி போயிருச்சு, அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்.

அந்த மனுஷன் கண்ணாடியைப் பாத்தாரு. வாயைப் பொத்திக்கிட்டாரு. கழுத்துத் துணியோடவே எழுந்து, இந்தச் சந்து வழியா அடுத்த தெருவுக்கு ஓடிட்டாரு. மதில் ஓரத்துல அத்தனை சனமும் வெயில் ஏறி நிழலு நகர்ற வரைக்கும் நின்னுட்டு வீட்டுக்குப் போச்சு. டீச்சரம்மா மட்டும் இங்க வந்து எட்டிப் பாத்துச்சு. தரையில கிடந்த பாதி மீசையைப் பாத்துச்சு. "அண்ணே, உங்களை ஒண்ணுமே பண்ணச் சொல்லலியே, சும்மா நிக்கத்தானே சொன்னோம்"னுச்சு. அவ்ளோதான். அதுக்கப்புறம் பிள்ளைங்களை முடி வெட்டக்கூட இங்க அனுப்புறதில்ல.

சரி, அடுத்த தெருவுல என்ன இருக்குன்னு கேளுங்களேன். கேளுங்க. பஸ்ஸு திரும்பிப் போற அந்தத் தெருவுல ஒரு சலூன் இருக்கு. யாரு சலூன்? என் சகலை! என் வீட்டுக்காரி தங்கச்சி புருஷன்! நான் கடை வெச்சதைப் பாத்து கடை வெச்சவன். கத்தி புடிக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான். வாயைத் தொறந்து பேச மட்டும் அவனுக்கு வரவே இல்ல. ஊமைக் கோட்டான் மாதிரி வேலை பார்ப்பான்.

அதிகாரி அங்க போயி விழுந்திருக்காரு. இவன் எதையும் கேக்கல. எப்படி ஆச்சுன்னும் கேக்கல, யாரு பண்ணாங்கன்னும் கேக்கல. மிச்சப் பாதியை எடுத்துவிட்டு, மூஞ்சியில வெந்நீர்த் துணியைப் போட்டு, மின்விசிறியைத் திருப்பி வெச்சுட்டான். மனுஷன் தூங்கியே போயிட்டாராம். எழுந்து கண்ணாடியில பாத்து, "பரவாயில்லையே, வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே"ன்னாராம். வெளிய வந்து, "கம்பத்தை இங்கேயே நடுங்க"ன்னுட்டாரு. அவன் வாசல்ல! கேக்காதவன் வாசல்ல!

இதுல கொடுமை என்னன்னா, என் கொழுந்தியா சொல்லி அனுப்புறா. பழைய இடத்துலயே வெச்சுடலாம்னு முடிவு பண்ணிட்டுத்தான் அன்னைக்கு அவரு வந்தாராம். பழைய இடம்னா எது? இதோ, என் வாசல்! அதைத்தான் என் நாற்காலியில உக்காந்து சொல்ல வந்தாராம்.

இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன? வாயில நுரை இருந்தா என்ன, துப்பிட்டுச் சொல்லக் கூடாதா? படிச்ச மனுஷன்!

குழு இப்ப ரெண்டாயிருச்சு. டெய்லர் 'உண்மையான மீட்புக் குழு'ன்னு ஒண்ணு வெச்சுருக்கான். என்னுது 'உண்மையிலேயே உண்மையான மீட்புக் குழு'. அதுல இப்போதைக்கு நான் ஒருத்தன்தான், ஆனா ஒத்துமையா இருக்கோம்.

என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரி வேலைக்குப் போறவ. அவளுக்கு முட்டிவலி, இந்த வாசல்லயே பஸ் ஏறிப் போயிட்டிருந்தா. இப்ப அடுத்த தெருவுக்கு நடக்கணும். "உனக்காகத்தான்டி போராடுனேன்"னு சொன்னேன். "எனக்காகப் போராடுனீங்களா, என் காலை வெச்சு வெளம்பரம் பண்ணீங்களா?"ங்கிறா. இப்ப தங்கச்சி வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து, டீ குடிச்சுட்டு, சிரிச்சுட்டு பஸ் ஏறுறா. நான் சகலைகிட்ட பேசுறதில்ல. அவனும் பேசுறதில்ல. ஆனா அவன் எப்பவுமே பேசுறதில்லையா, அதனால நான் கோவமா இருக்கேன்னே அவனுக்குத் தெரியல!

எழுந்து வாங்க, காட்டுறேன். ஒரு நிமிஷம் தம்பி, துணியோடவே வாங்க. இதோ, வாசல்ல நின்னு கழுத்தை நீட்டுனா சந்து வழியா தெரியும். புது கம்பம், புது பெயிண்ட். உக்கார பெஞ்சு வேற! இங்க என் காலத்துல பெஞ்சா இருந்துச்சு? பாருங்க, எப்படி வரிசையா… எங்க போறீங்க? தம்பி! பஸ்ஸா? இருங்க, இடப்பக்கம் அப்படியே இருக்கு! ஒரு பக்கம்தான் வெட்டியிருக்கு! தம்பீ! என் துணி!

ஓடுறான் பாரு…

ஆ, பஸ் நிக்குது… ஏறுறான்… இல்ல, ஏறல. பஸ் கண்ணாடியில தலையைப் பாக்குறான். தடவிப் பாக்குறான். பஸ்ஸை விட்டுட்டான்! அப்பாடா, திரும்பி வரான். வாங்க, வாங்க தம்பி, நாற்காலி காலியாத்தான்…

எங்க திரும்புறான்? அடேய்! உள்ள போறான்! அவன் கடைக்குள்ள போறான்! உக்காந்துட்டான்!

சகலை வாசலுக்கு வரான். என் துணியை மடிச்சுக் கையில வெச்சுருக்கான். என்னைப் பாத்து மெதுவா தலையை ஆட்டிட்டு, துணியைப் பெஞ்சு மேல வெச்சுட்டு, உள்ள போயிட்டான். பக்கத்துலயே இன்னொரு துணி மடிச்சபடி கிடக்கு. அதிகாரி கட்டிட்டுப் போனது.

ஒரு வார்த்தை… ஒரே ஒரு வார்த்தை சொன்னானா பாருங்க. வாயைத் தொறக்காம முடி வெட்டுறவனை எப்படிங்க நம்பித் தலையைக் குடுக்குறாங்க?