வெட்டக்கூடாத இலந்தை

டீ ஆறிவிடும், முதலில் குடியுங்கள் இன்ஸ்பெக்டர் சார். நான் எங்கேயும் ஓடிவிட மாட்டேன்.

அல்சூரில் ஒரு கான்வென்ட்டில் சமையல் வேலை செய்கிறேன். அங்கே நோரா என்று ஓர் ஐரிஷ் சிஸ்டர் இருந்தார். நான் வெங்காயம் உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த தமிழில் தம் ஊர்க் கதைகளைச் சொல்வார். வயலில் தனியாக நிற்கும் முள்மரத்தை அங்கே யாரும் தொட மாட்டார்களாம். அதனடியில் குட்டி மனிதர்கள் குடியிருக்கிறார்களாம். வெட்டினவன் உருப்பட மாட்டானாம். ரோடு போடுகிறவர்கள்கூட மரத்தைச் சுற்றி வளைத்துத்தான் போடுவார்களாம்.

தொம்மலூரில் என் வீட்டுக்கு எதிர் மனையில் ஓர் இலந்தை தனியாக நின்றது. அதுவும் முள்மரம்தானே? குழாயடியில் சும்மா சொல்லிவைத்தேன். கொஞ்ச நாளில் மரத்துக்கு மஞ்சள் துணி கட்டிவிட்டார்கள். குட்டி மனிதர்கள் பிள்ளைவரம் கொடுப்பார்கள் என்று நான் சொல்லவே இல்லை, தெருவே சேர்த்துக்கொண்டது. ஆடி வெள்ளியில் அயர்லாந்துப் பேய்க்குக் கூழ் ஊற்றினோம். அதுவரை என்னைச் சமையல்காரி என்றவர்கள், "கோமளம்மா, பொண்ணுக்கு இந்த வரன முடிக்கலாமா?" என்று கேட்டு வந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. நானும் மனுஷிதானே.

தொண்ணூற்றெட்டில் பாலகுமார் அந்த மனையை வாங்கினான். கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், சேலத்துக்காரன், தங்கமான பிள்ளை. மரத்தைத் தொடாதே, வெட்டினவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று சொன்னேன்.

"பேய் வந்தா எனக்கு ஒரு போன் போடச் சொல்லுங்க ஆண்ட்டி" என்று சிரித்தபடி தானே கோடாலியை எடுத்தான்.

அவன் சாவுக்காகத் தெருவே காத்திருந்தது. அவனுக்கோ சளிகூடப் பிடிக்கவில்லை. ஆபீசில் பிரமோஷன் வந்தது, கல்யாணம் நிச்சயமானது, வீடும் மளமளவென்று எழும்பியது. பக்கத்துவீட்டுச் சந்திரம்மா குழாயடியில் எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"ஏன் கோமளா, உன் குட்டி ஆளுங்க லீவு போட்டு ஊருக்குப் போயிட்டாங்களா?"

அன்று தண்ணீர் பிடிக்காமலே திரும்பினேன். வயிறு எரிந்தது சார். எனக்காக மட்டுமில்லை, இத்தனை பேருடைய நம்பிக்கை கெட்டுப்போகிறதே என்றும்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட ஆட்கள் வரமாட்டார்கள். அவன் மட்டும் காலையில் சாரத்தில் ஏறி, மாடி வேலையைப் பார்ப்பான். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் போய், மேல் பலகையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டேன். மறுநாள் பாதி ஏறியதும் என்னைப் பார்த்துக் கையசைத்தான்.

"காபி ஆச்சா ஆண்ட்டி?"

"ஆச்சுப்பா, பாத்து ஏறு" என்றேன்.

சாவுக்கு முதலில் ஓடிப்போய் அழுதவள் நான்தான். அவன் அம்மாவைத் தாங்கிப் பிடித்ததும் நான்தான். சந்திரம்மா இலந்தையின் அடிக்கட்டைமுன் விழுந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள். உங்கள் கான்ஸ்டபிளும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அங்கே அளவெடுத்தார்.

கயிற்றை அவிழ்த்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் முள்மரத்தை வெட்டினவன் உயிரோடு இருக்க மாட்டான் என்று அவனிடம் முன்கூட்டியே சொன்னேனா இல்லையா சார்? கேட்காமல் போனது அவன் தப்பு.