கறுக்காத தேத்தண்ணி

கிண்ணியா பஸ்ஸில் நான் காதில் எதையும் மாட்டுவதில்லை. பக்கத்துப் பேச்சு கேட்காமல் நட்டமாகிவிடும். இன்று முன் இருக்கையில் ஓர் ஆராய்ச்சி மாணவியும் அவள் வாடகைக்கு இருக்கும் வீட்டு அக்காவும்.

“தங்கச்சி, உங்கட ஆராய்ச்சித் தண்ணியில தேத்தண்ணி போட்டுட்டன்.”

“ஐயோ அக்கா! உங்கட கிணத்துத் தண்ணியை இரும்பு போக வடிச்சு வச்ச ஒரே போத்தல்! நாளைக்கு கம்பசில காட்டோணும்.”

“மகளைப் பாக்கத் திடீரெண்டு மாப்பிள்ளை வீட்டார் வந்திட்டினம். குழாயில தண்ணி இல்ல. கிணத்துத் தண்ணியெண்டா தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்திடுமே.”

மாணவி நிமிர்ந்தாள். “இது கறுக்கேல்லையோ?”

“இல்ல, நல்ல சிவப்பு. ரெண்டாந்தரமும் கேட்டுக் குடிச்சவை.”

“அப்ப என்ர வடிகட்டி வேலை செய்யுது!”

“சந்தோசம். ஞாயிறுக்குள்ள இன்னும் பத்துப் போத்தல் வடியுங்கோ. கலியாணப் பதிவெழுத்துக்கு வருகினம்.”