படம் மட்டும் கண்ணாடி மாதிரி

...வயர்தாம்மா. நான்தான் போன்லயே சொன்னேனே, வயருன்னு! டிவி மாட்டின உங்க கம்பெனியில போன் எடுத்தவரு, அப்பத்தான் தூங்கி எழுந்த குரல்ல, "சார், பிளேயரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க"ங்கறாரு. பண்ணேன். "இன்னொரு தடவை பண்ணுங்க"ங்கறாரு. ஏன்யா, இது என்ன நின்னுபோன ஸ்கூட்டரா, உதைச்சுக்கிட்டே இருக்க? டிவிக்குப் பின்னாடி சோப்பு டப்பா அளவுல ஒரு பெட்டியை ஒட்டிவெச்சு, அதுக்குப் பிளேயர்னு பேரு வேற. அதை அணைக்கணும்னா ஒவ்வொரு தடவையும் நான் ஏணி ஏறணும். எனக்கு அம்பத்தாறு வயசு. இந்தக் கண் ஆஸ்பத்திரிக்கு நான் ஹால் மேனேஜரும்மா, சர்க்கஸ்காரன் இல்ல.

என்ன, ஏணி ஆடுதா? ஆடும். பிடிக்கிற ஆளு இல்ல. அந்த ஆளைத்தான் இந்தத் திங்கக்கிழமையிலேர்ந்து வர வேணாம்னு நிறுத்தி வெச்சிருக்கோம். எலெக்ட்ரீஷியன். சத்தம் நின்னு நின்னு வர்ற இந்தக் கோளாறே அவன் கைங்கரியம்தான்... கொஞ்சம் குனிங்க, மெதுவா சொல்றேன். அதோ, டோக்கன் கவுண்ட்டர்ல பச்சை ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு ஒரு அம்மா இருக்காங்களே, அவங்க அவன் சம்சாரம். திங்கக்கிழமையிலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. முன்னெல்லாம் காலையில "வணக்கம் சார்"னு சொல்வாங்க. இப்ப பேனாவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் என்ன பண்ண முடியும்? வேலைன்னா வேலை.

பாருங்க பாருங்க, இப்ப பாருங்க! டாக்டரம்மா திரையில பேசிட்டிருக்காங்களா? "அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நீங்கள்..." போச்சு! வாய் அசையுது, சத்தம் இல்ல. ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு... "...என்பதை மறக்காதீர்கள்." எதைம்மா மறக்கக் கூடாது? யாருக்குத் தெரியும்?

இந்த ஹாலைப் பாருங்க. நாப்பது பேரு உக்காந்திருக்காங்க. எல்லார் கண்ணுலயும் சொட்டு மருந்து. முக்கால் மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது. சத்தம் நின்னா போதும், மூணாவது வரிசையில கைத்தடியோட ஒரு பெரியவர் இருக்காரு பாருங்க, அவரு மூடின கண்ணோடயே ஹால் அதிர கத்துவாரு, "கரண்ட் போயிடுச்சா?"ன்னு. போன வாரம் ஒரு அம்மா, சத்தம் நின்னதும் அவங்க நம்பரைத்தான் கூப்பிட்டாங்கன்னு நினைச்சு, கையால துழாவிக்கிட்டே எழுந்து போய், தண்ணி மெஷின் முன்னாடி நின்னு, "டாக்டர், வலது கண்ணுதான் உறுத்துது"ங்கறாங்க. சிரிக்காதீங்க. நான் சிரிக்கல. டாக்டரம்மாவும் சிரிக்கல. பின்னாடி நின்னு பார்த்துட்டாங்களே! அப்பதான் கேட்டாங்க, "யாரு இதுக்குப் பொறுப்பு?"ன்னு.

நான் உள்ளதைச் சொன்னேன். எலெக்ட்ரீஷியன் டிவிக்குப் பின்னாடி போயி பிளக் மாத்தினான், அன்னியிலேர்ந்து சத்தம் விட்டுவிட்டு வருதுன்னேன். டாக்டரம்மா பன்னெண்டு மணிக்கு ரவுண்ட்ஸ் முடிச்சுட்டு வருவாங்க. உங்க ரிப்போர்ட்டைப் பார்த்துட்டுத்தான் அவனை வெச்சுக்கிறதா, அனுப்புறதான்னு முடிவு. நீங்க பெரிசா கதை எழுத வேணாம். "வயரைச் சரியாகக் கையாளவில்லை"ன்னு ஒரே ஒரு வரி. போதும்.

மறுபடியும் எதுக்கு வயரை மாத்துறீங்க? நான் மூணு மாத்திட்டேன். மூணும் புதுசு. மூணுலயும் இதே கதை... ஆமா, மூணு புது வயர்லயும் சத்தம் போச்சு. அப்ப வயர் இல்லியேன்னு கேக்காதீங்க. வயர் இல்லேன்னா பிளக்கு. பிளக்கு இல்லேன்னா அந்த ஆளோட கை ராசி. ஏதோ ஒண்ணு.

டிவியில அது என்ன தேடுறீங்க? மின்சாரத்தை மிச்சப்படுத்துற செட்டிங்கா? அதை அணைச்சா சரியாகுமா? பார்க்கலாம்... "அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் நீங்கள்..." ஹா! மறுபடியும் போச்சு, பார்த்தீங்களா! எனக்குத் தெரியும். உங்களுக்குப் படிப்பு இருக்கு, எனக்கு அனுபவம் இருக்கு. அடுத்து பெட்டியைக் கழட்டி பக்கத்து டிவியில மாட்டிப் பார்ப்பீங்க. மாட்டுங்க. எனக்கென்ன... அதுலயும் போச்சா? போகும். அவன் அதுக்குப் பின்னாடியும் போயிருப்பான்.

என்னம்மா எழுதுறீங்க காகிதத்துல? ஒரு நிமிஷம் பன்னெண்டு செகண்டு... ரெண்டு நிமிஷம் நாப்பது... மூணு அஞ்சு. சரி. மறுபடியும் முதல்லேர்ந்து ஓட்டுறீங்களா? ஓட்டுங்க. ஒண்ணு பன்னெண்டு. போச்சு. ரெண்டு நாப்பது. போச்சு. மூணு அஞ்சு... அட, அதே இடம்! ஒவ்வொரு சுத்துலயும் அதே இடத்துலயா நிக்குது? அதெப்படி? அந்த ஆளு வேலைக்கு வர்றதே நேரத்துக்கு இல்ல, அவன் கெடுத்த வயருக்கு மட்டும் இவ்வளவு நேரந்தவறாமையா!

அந்த மூணு இடத்துலயும் என்ன படம் வருதுன்னு கேக்குறீங்களா? ஒண்ணு பன்னெண்டுல நம்ம வாசல் நீரூற்று. ரெண்டு நாப்பதுல காத்துல மரம் ஆடுறது, ஒவ்வொரு இலையும் தெரியும். மூணு அஞ்சுல ஜனங்க கூட்டமா படியேறுறது. அந்த நீரூற்றைப் பாருங்க, நல்லா பாருங்க. ஒவ்வொரு துளியையும் எண்ணலாம். படம் கண்ணாடி மாதிரி இருக்கா இல்லியா? அது யாரு வேலைங்கறீங்க? படம் எடுத்த ஸ்டுடியோக்காரன் வேலை இல்ல. என் வேலை.

ஆமாம்மா! ஸ்டுடியோக்காரன் கொடுத்தது எவ்வளவு தெரியுமா? நூத்தம்பது எம்.பி. அஞ்சு நிமிஷப் படம், அதுவும் எச்.டி.ன்னு பில்லுல போட்டிருக்கான், நூத்தம்பதுதானா? டாக்டரம்மாவே ஒரு தடவை திரையைப் பார்த்துட்டு, "கொஞ்சம் மங்கலா இருக்கோ"ன்னாங்க. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அன்னிக்கே பென் டிரைவை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். என் பொண்ணு கம்ப்யூட்டர்ல ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, படத்தை மாத்திக் கொடுக்கும். திறந்தா அஞ்சாறு கோடு, ஒவ்வொண்ணுலயும் ஒரு குமிழ், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளலாம். தரம்னு போட்டிருந்துச்சு, வலது கோடிக்குத் தள்ளினேன். அதுக்குக் கீழ ஏதோ ரேட்டு, அதையும் கோடிக்கு. சத்தம், அதையும் தியேட்டர் அளவுக்கு. பாதியில நிறுத்தறதுக்கு நான் என்ன கஞ்சனா?

என் பொண்ணு பின்னாடி நின்னுக்கிட்டு, "அப்பா, எல்லாத்தையும் இப்படிக் கோடிக்குத் தள்ளாதீங்க, அந்தக் குட்டிப் பெட்டி இதை மெல்லுமா?"ங்கறா. "ஏன், பெட்டிக்குப் பல்லு வலியா?"ன்னு கேட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க ஓடுச்சு. அவளுக்குப் பரீட்சைக்குப் படிக்கணுமாம், கம்ப்யூட்டர் வேணுமாம், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டா. சாயங்காலம் முடிஞ்சப்ப ஃபைல் எவ்வளவு தெரியுமா? மூணு ஜி.பி! மூணு! நான் அதை வேற பென் டிரைவ்ல கொண்டுவந்து பெட்டியில போட்டேன். யாராவது ஒருத்தர் "நல்லா இருக்கு சார்"னு சொன்னாங்களா? ஒருத்தரும் சொல்லல. நன்றி கெட்ட இடம்மா இது.

என்னிக்கா? போன மாசம் ரெண்டாவது ஞாயிறு மாத்தினேன், திங்கக்கிழமை காலையில போட்டேன். சத்தம் என்னிக்குப் போக ஆரம்பிச்சுதுன்னு மறுபடியும் கேக்குறீங்க. அதான் சொன்னேனே, அவன் பிளக் மாத்தின அன்னிக்கு. அது... அதுவும் திங்கக்கிழமைதான். அதே திங்கக்கிழமைதான். ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

அவனுக்கு வாய் ஜாஸ்திம்மா. நான் கூப்பிட்டுக் கேக்குறேன், "என்னய்யா பண்ணி வெச்சிருக்க?"ன்னு. ஏணியிலேர்ந்து இறங்கி, கையைத் துடைச்சுக்கிட்டு, நிதானமா சொல்றான், "சார், வயர்ல ஒண்ணும் தப்பில்ல. பழைய படத்தைப் போட்டுப் பாருங்க." எனக்கே சொல்லித் தர்றான்! ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கிற ஆளு, மூணு ஜி.பி. ஃபைலைப் பத்தி என்கிட்ட பேசுறான்! இத்தனை பேரு முன்னாடி! அதுதான் எனக்கு... சரி, அதை விடுங்க. அதுக்காக நான் அவனை மாட்டி விட்டேன்னு நினைச்சுடாதீங்க.

பழைய பென் டிரைவா? எதுக்கு? இருக்கு, என் டிராயர்லதான் இருக்கு. இருங்க... இந்தாங்க. ஸ்டுடியோக்காரனோட மங்கல் படம். போட்டுப் பாருங்க, அப்பதான் உங்களுக்கும் வித்தியாசம் புரியும். காதுல என்ன மாட்டிக்கிட்டீங்க, ஹெட்போனா? எப்பலேர்ந்து? அப்ப நான் பேசினதெல்லாம்...? சரி.

ஓடுது. ஒண்ணு பன்னெண்டு... நீரூற்று வந்துடுச்சு. பேசுறாங்க. பேசிட்டேதான் இருக்காங்க. இருங்க, இப்ப நிக்கும் பாருங்க... ரெண்டு நாப்பது. மரம் ஆடுது. "...முந்தைய நாள் நீங்கள் இரவு உணவை எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்." ஓ, அதுதானா. ஒரு மாசமா என்னவோன்னு நினைச்சேன்... மூணு அஞ்சு. படியேறுறாங்க. பேச்சு நிக்கல.

ஒரு தடவை ஓடினா ஆச்சா? ரெண்டாவது தடவை போடுங்க. மூணாவது...

இல்ல, இருக்கட்டும், சத்தம் வருது, ஒத்துக்கிறேன். ஆனா படம் மங்கலா இருக்கே! கிட்டப் போய்ப் பாருங்க. இல்ல, இங்கேர்ந்து... இங்கேர்ந்து பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கு. சரி, என் கண்ணு வயசான கண்ணு. வேற யாரையாவது கேப்போம். ஏங்க, முதல் வரிசையில... நீங்க சொல்லுங்க, இப்ப படம்...

ஓ. மருந்து விட்டிருக்கு. ஆமா.

நாப்பது பேரு. ஒருத்தர் கண்ணும் திறந்திருக்கல. இதுல யாரும்மா இலையை எண்ணப் போறாங்க? ஒரு ஞாயித்துக்கிழமை பூரா உக்காந்து, கண்ணை மூடிட்டு இருக்கிறவங்களுக்கு நான்...

இங்க பாருங்கம்மா, ரிப்போர்ட்டுல இதை எப்படி எழுதலாம்னா... நீங்க "சிறு தொழில்நுட்பக் காரணம்"னு போட்டுட்டீங்கன்னா, யாரு மேலயும்... அந்த ஆளு மேலயும் வேணாம், நான்கூட டாக்டரம்மாகிட்ட... அம்மா? எங்க போனாங்க? இப்ப ஏணிப் பக்கத்துலதானே பையை மூடிட்டிருந்தாங்க? போயிட்டாங்களா? சொல்லிக்காமலே? நான் இவ்வளவு நேரம் ஏணிகூடவா பேசிட்டிருந்தேன்?

ரிப்போர்ட்டு எங்க... ஏணியில இல்ல. மேஜையில இல்ல... கவுண்ட்டர்லயா?

வணக்கம்மா. அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது காகிதம்... கொடுத்துட்டாங்களா. கொடுங்க. "வயர், பிளக், ஸ்பீக்கர் அனைத்தும் சரியாக உள்ளன. படத்தின் ஃபைல் பிளேயரின் சக்திக்கு மீறிப் பெரிதாக்கப்பட்டுள்ளது. படத்தை ஓட்டத் திணறும் இடங்களில் சத்தம் விடுபடுகிறது. பழைய ஃபைல் போடப்பட்டது. கோளாறு இல்லை." கீழ ஒரு கோடு. "ஃபைலை மாற்றியவர் கையெழுத்து."

நீங்க படிச்சிட்டீங்களாம்மா?

படிச்சிருப்பீங்க. மணி என்ன ஆச்சு... பன்னெண்டுக்கு அஞ்சு நிமிஷம். பேனா... இருக்கா? நீங்க ஏற்கனவே மூடியைத் திறந்தே வெச்சிருக்கீங்க. கொடுங்க.

ம். போட்டாச்சு. இந்தாங்க, நீங்களே டாக்டரம்மாகிட்ட கொடுத்துடுங்க. இல்ல... வேணாம், நானே கொடுக்கறேன். வீட்டுக்கு ஒரு போன் போட்டு அவரை வரச் சொல்லுங்க. ஏணி ஆடுதாம், அதைப் பார்க்கணும்... ஏணிக்காக இல்ல. சும்மா வரச் சொல்லுங்க.

என்ன பெரியவரே? சத்தம் நிக்கவே இல்லியா? ஆமா, நிக்காது. எலெக்ட்ரீஷியன் வந்து சரி பண்ணிட்டாரான்னா கேக்குறீங்க? அவரு... அவரு அன்னிக்கே சொல்லிட்டாருங்க. திரும்பாதீங்க, நீங்க கண்ணைத் திறக்காதீங்க. கொஞ்ச நேரத்துக்கு யாரும் திறக்க வேணாம்.